கப்பலைப் பார்த்து வாங்க என்றவள்

கடலுக்கு வெகுதூரத்தில், ஆனைமலைக்குக் கிழக்கே, இந்தப் பக்கம் தென்னையும் அந்தப் பக்கம் தென்னையுமாக நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிற மடைப்புதூரில், தை மாதத் தண்ணீர் வந்து கொஞ்ச நாளில், ஒரு திங்கட்கிழமை, ஒரு கொள்ளைக்காரக் கப்பல் வந்தது. அது வந்தபோது வாய்க்கால் படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பாவாத்தாள், எங்கள் பக்கத்தில் எதிரே யார் வந்தாலும் வாய் தானாகச் சொல்லிவிடுகிற சொல்லை, கை சாம்பலோடு தலையை மட்டும் நிமிர்த்தி, "வாங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் சும்மா இருந்திருந்தால் கப்பல் அதன்பாட்டுக்குப் போயிருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிமிஷத்தில் நான் அங்கே இல்லை, பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன், ஆகவே அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பஸ்ஸை விட்டுவிட்டு ஓடி வந்தபோது நான் பார்த்தது இதுதான்: கடைசி மடைக்குச் சற்று மேலே, வாய்க்கால் வளைகிற இடத்தில் கப்பல் சிக்கி நின்றது, பாய்மரத்தில் யார் தோப்பிலிருந்தோ ஒரு இளநீர்க் குலை மாட்டிக்கொண்டு ஆடியது, பாவாத்தாள் அண்ணாந்து பார்த்து, "காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாய்க்காலுக்கு மடை திறந்து மடை அடைக்கிற அரசாங்க ஆளுக்கு எங்கள் ஊரில் லஸ்கர் என்று பெயர். எங்கள் லஸ்கர் திருமூர்த்தி டேப்பை எடுத்து வந்து வாய்க்காலின் அகலத்தை அளந்தார், கப்பலின் அகலத்தை அளந்தார், மறுபடியும் ஒரு முறை அளந்தார்.

"பத்தாதுங்க. இந்த வாய்க்கால்ல இது வர முடியாதுங்க," என்றார்.

"வந்து நிக்குதே லஸ்கரே," என்றார் குப்பண்ணன். இவர் பாவாத்தாளின் கொழுந்தனார், தோப்பு அவளுக்கு மேல்தோப்பு.

"நிக்குதுங்க. ஆனா எனக்கு மேலிருந்து ஒரு தகவலும் வரலீங்க."

அதோடு கப்பல் எப்படி வந்தது என்கிற கேள்வி ஊரில் முடிந்துபோனது. மேலிருந்து தகவல் வராத விஷயங்கள் எங்கள் ஊரில் நிறைய நடந்திருக்கின்றன. அடுத்த கேள்விதான் பெரிய கேள்வி. வந்தவர்களுக்கு மதியம் என்ன சமைப்பது?

ஏனென்றால் பாவாத்தாள் "வாங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகு வந்தவர் ஒறம்பரை, விருந்தாளி. ஒறம்பரை மாமன் வீட்டாராக இருந்தாலும் சரி, இடுப்பில் வாளும் ஒற்றைக் கண்ணில் துணியும் கட்டிய ஏழெட்டுப் பேராக இருந்தாலும் சரி, அவர்களாகக் கிளம்புகிறவரை "எப்பப் போறீங்க?" என்று கேட்கிற நாக்கு எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் ஊற்றி, இலை போட்டார்கள். பேசிப் பார்க்க என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், வீட்டில் முதன்முதலில் டிகிரி முடித்தவன் என்பதற்காக. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், காய்ச்சல் காரணமாக வகுப்புக்கு வர இயலவில்லை என்று எழுதுகிற இங்கிலீஷ். அதில் ஒரு கொள்ளைக்காரரிடம் என்ன கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, தலைவர் இரண்டாம் முறை சோறு வாங்கி, நெய்யோடு பிசைந்து ஒரு வாய் விழுங்கி, என் பக்கம் திரும்பி, "கண்ணு, சித்தெ அந்த ஊறுகாயை இப்படித் தள்ளு," என்றார். எங்கள் ஊர் அரிசிம்பருப்பு அப்படிப்பட்டது. எனக்குப் பெரிய நிம்மதி.

அவர் பெயர் ஹம்ஃப்ரி. ஊர் அதை அம்புலி என்று பிடித்துக்கொண்டது, அம்புலியண்ணன் என்றால் அவரும் திரும்பிப் பார்த்தார். தாடியில் உப்புப் பூத்திருந்தது. திருமூர்த்தியை லஸ்கர் என்று கூப்பிடுவதைக் கேட்டதும் இலையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார், அவர் காலத்தில் லஸ்கர் என்றால் கடலோடி.

"எந்தக் கப்பல்ல இருந்தீங்க?"

கடலை ஒரே ஒரு தடவை, திருச்செந்தூரில், அதுவும் கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்திருந்த திருமூர்த்தி, "இப்ப தண்ணி டூட்டிங்க," என்றார். அது பொய்யில்லை. அன்றிலிருந்து அவர் கரையில் நடந்தால் கப்பல்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இருபது வருஷமாக ஊரில் ஒருவரும் அவருக்கு ஸ்டூல் போட்டதில்லை. அந்த வாரம் சட்டையை இஸ்திரி போட்டு வந்தார்.

எல்லோருக்கும் இது வேடிக்கையாக இருந்தது, பாவாத்தாளுக்கு மட்டும் இல்லை. வளைவில் நின்ற கப்பல் தண்ணீரை அடைத்துக்கொண்டது, குப்பண்ணன் தோப்புவரை வாய்க்கால் கரை தளும்பியது, அதற்குக் கீழே இருந்த ஒரே தோப்பு, கடைமடைத் தோப்பு, பாவாத்தாளுடையது. அங்கே சொட்டு இல்லை. அவள் தென்னை நிழலில் கொக்கோ வைத்திருந்தாள். வாங்குகிற கம்பெனி ஆள் சொன்னான் என்று வாழையைத் தோண்டி எறிந்துவிட்டு வைத்த செடிகள், குப்பண்ணன் போகிறபோதும் வருகிறபோதும் "என்னுங்க அண்ணி, மரத்துல முட்டாயி தொங்குதுங்களா?" என்று கேட்ட செடிகள், இந்த வருஷம்தான் முதன்முதலாக அடியிலிருந்து நுனிவரை பிஞ்சு பிடித்திருந்தன. திருப்பூரில் இருக்கிற மகனுக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள், இந்தப் பிஞ்சு காயாகாவிட்டால் தோப்பை விற்றுவிட்டு அங்கே வந்துவிடுவதாக. வெள்ளிக்கிழமை மாலை மடை அடைத்துவிடுவார்கள், அடுத்த தண்ணீர் ஆவணிக்குத்தான். பிஞ்சுகள் காம்பில் கருக்க ஆரம்பித்திருந்தன. தன் தண்ணீரைத் தன் வாயாலேயே நிறுத்திவிட்டு, நிறுத்தியவர்களுக்கு மூன்று வேளையும் பரிமாறிக்கொண்டு நின்றாள்.

ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. ஒறம்பரைக்குச் சாடை காட்ட எங்களிடம் எத்தனையோ வழி இருக்கிறது. சாயங்காலம் வாசல் கூட்டினார்கள், கப்பல்காரர்கள் எழுந்து விளக்குமாற்றை வாங்கிக் கூட்டிக் கொடுத்தார்கள். தினமும் கொள்ளுப்பருப்பே வைத்தார்கள், உடம்புக்கு நல்லது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். "உங்க ஊர்ல தேடுவாங்களே?" என்று கேட்டதற்கு, "தேடறவங்க எல்லாம் செத்துப் பல தலைமுறை ஆச்சுங்க," என்று சொல்லிவிட்டார் அம்புலியண்ணன். அதற்குமேல் என்ன கேட்பது? கடைசியாக, கிளம்புகிறவர்களுக்குக் கொடுப்பதுபோலத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினார்கள். அதையும் ஒரு பலகாரம் என்று நினைத்துத் தட்டையே காலி செய்துவிட்டு, நன்றாக இருக்கிறது, உப்புத்தான் கம்மி என்றார்கள்.

கப்பல் ஏன் இவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று புதன்கிழமை திருமூர்த்திதான் கேட்டார். பாரம் என்றார் அம்புலியண்ணன். என்ன பாரம் என்று கேட்டதற்குத்தான் கதை வந்தது, அவர் கப்பல் விளிம்பில் கால் தொங்கப்போட்டுச் சொன்னார், ஊர் கரையில் உட்கார்ந்து கேட்டது.

பழைய காலம், ஸ்பெயின் ராஜாவின் கப்பல்கள் மேற்குத் தேசத்திலிருந்து வெள்ளி ஏற்றிக்கொண்டு வருகிற காலம். அந்தக் கப்பல்களை வழிமறிப்பதுதான் அம்புலியண்ணனின் தொழில். ஒரு நாள் பெரிய கப்பல் ஒன்றைப் பிடித்தார்கள், உள்ளே இறங்கினார்கள், வெள்ளி இல்லை, தங்கம் இல்லை, பட்டு இல்லை, மூட்டை மூட்டையாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ. கையில் எடுத்துப் பார்த்தார். "ஆட்டுப் புழுக்கைன்னு நெனைச்சுட்டனுங்க. உசுரைக் குடுத்துச் சண்டை போட்டது புழுக்கைக்கான்னு கோவம். கப்பலோட எரிச்சுப்போட்டனுங்க."

ஊர் ஒருசேர மூச்சை இழுத்தது.

"அப்புறம் ஒரு துறைமுகத்துல சொன்னாங்க. அது கொக்கோவாம். அந்தத் தேசத்து ராசாக்கள் வறுத்து இடிச்சு மொளகாய் போட்டுக் குடிக்கறதாம். சந்தையில அதையே காசாக் குடுத்துச் சாமான் வாங்குவாங்களாம். நானு ஒரு கஜானாவைக் கொளுத்திட்டு வந்திருக்கறேன்."

குப்பண்ணன் தொண்டையைச் செருமினார். "அதை விடுங்க. கொக்கோ போனாப் போகுது. புழுக்கைன்னு நெனைச்சுத்தானே எரிச்சீங்க? புழுக்கையை எதுக்குங்க எரிச்சீங்க?"

"புழுக்கைங்க," என்றார் அம்புலியண்ணன், புரியாமல்.

"அதைத்தானுங்க கேக்கறேன். ஒரு கப்பல் புழுக்கை. தோப்புக்குள்ள ஒரு ராத்திரி செம்மறிக் கிடை போடறதுக்கு ஆட்டுக்காரனை மாசக்கணக்கா நாங்க கெஞ்சறோம். எரிக்கறதுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

கரை முழுக்கத் தலையை ஆட்டியது. கொள்ளைக்காரர்கள் என்று கேள்விப்பட்டபோதுகூட ஊர் அவர்களை அப்படிப் பார்த்ததில்லை.

அம்புலியண்ணன் அவசரமாக மீதியைச் சொன்னார். அந்த அவமானத்துக்குப் பிறகு அவர் வெள்ளிக் கப்பல்களைத் தேடவில்லை. அதே போன்ற இன்னொரு கப்பலைத்தான் தேடினார், வருஷக்கணக்காகத் தேடினார், கிடைத்தது. உள்ளே அதே பழுப்பு உருண்டைகள். ஏதோ ஒரு மடத்துத் தோட்டத்துக்குக் கொண்டு போவதாகச் சொன்னார்கள். சண்டை போடவே இல்லை, சிரித்துக்கொண்டே மூட்டைகளை அவர்களே தூக்கிக் கொடுத்தார்கள். "என்ன நடிப்புங்க. இந்தத் தடவை நானு ஏமாறுவனா?" அன்றிலிருந்து அந்தப் பாரத்தோடுதான் கடல் கடலாகச் சுற்றுகிறார்கள், ராஜாக்கள் குடிக்கிற பொருளுக்குத் தகுந்த ராஜா கிடைக்கிறவரை ஒரு மூட்டையையும் பிரிப்பதில்லை என்று சத்தியம்.

இரண்டு நாளாகக் கப்பலிலிருந்து வருகிற வாசனை என்ன என்று ஊருக்கு அப்போது புரிந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒறம்பரையை எதிரில் வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது. திருமூர்த்தி எழுந்து போய் மடையைப் பார்ப்பதுபோல நின்று தோள் குலுங்கினார். குப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, பலகை இடுக்கிலிருந்து உதிர்ந்திருந்த ஒரு உருண்டையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு பாவாத்தாளிடம் மெதுவாகச் சொன்னார்.

"செம்மறி, அண்ணி. மக்கி மாவாட்டம் இருக்குது. இப்படி ஒரு எருவை இந்த ஜென்மத்துல பாப்பன்னு நெனைக்கல."

வியாழக்கிழமை காலை அம்புலியண்ணன் பாவாத்தாளின் தோப்புக்குள் நடந்து வந்தார். முந்திப் பழுத்த ஒன்றிரண்டு காயை உடைத்துப் பாயில் போட்டிருந்த, இன்னும் ஈரம் போகாத கொக்கோ விதைகளைக் குனிந்து பார்த்தவருக்கு முகம் வாடிவிட்டது.

"அம்மிணி, இதை என்னன்னு வெச்சிருக்கறீங்க?"

"கொக்கோங்க."

"உங்களை யாரோ ஏமாத்திப்போட்டாங்க அம்மிணி. இது புழுக்கை. எனக்குத் தெரியும், அசல் கொக்கோ உருண்டை உருண்டையா என்ற கப்பல்லயே இருக்குது," என்றார். ஏன் அவ்வளவு வருத்தமாகச் சொன்னார் என்றால் அவருக்கு அவள்மேல் உண்மையிலேயே பாசம். பிறகு கப்பலுக்குப் போய், எந்த ராஜாவுக்கும் பிரிக்காத மூட்டையைப் பிரித்து, ஒரு வெள்ளிக் கிண்ணம் நிறைய அள்ளிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். "சோறு போட்ட கைக்கு. அசல்."

பாவாத்தாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒறம்பரை கொண்டுவந்த பண்டத்தை அவர்களுக்கே முதலில் வைத்துவிட்டுத்தான் நாம் சாப்பிட வேண்டும், அது பழமானாலும் பலகாரமானாலும். கப்பலின் ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே வாசலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள், டம்ளரோடு.

"வறுத்து, இடிச்சு, மொளகாய் போட்டு," என்று ஞாபகப்படுத்தினார் அம்புலியண்ணன்.

அடுப்படியில் அவளோடு நான் இருந்தேன், விறகு ஒடித்துக் கொடுக்க. ஆகவே இதை நான் பார்த்தே சொல்கிறேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். கிண்ணத்தை ஒரு தட்டால் மூடி ஓரமாக வைத்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் கட்டி வைத்திருந்த முதல் காய்ப்பு விதையை எடுத்தாள். போன வருஷம் இரண்டே மரம் காய்த்தது, அதைக் கோயிலில் படைக்கக் கொண்டுபோனபோது, இதை எப்படியம்மா படைக்கிறது என்று பூசாரி திருப்பி அனுப்பிவிட்டார். அதை என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியாது. கொக்கோ வளர்க்கிற எங்கள் ஊரில் அதைக் குடித்தவர் ஒருவர்கூட இல்லை.

காப்பிக்கொட்டை வறுக்கிற மாதிரி வறுத்தாள். முறத்தில் தோல் புடைத்தாள். உரலில் இடித்து அம்மியில் அரைத்தபோது அது மாவாகாமல் பளபளவென்று விழுதாக இளகியது. அவள் பயந்துபோய், சுக்குக் காப்பிக்குப் போடுகிற எல்லாவற்றையும் போட்டாள், சுக்கு, மல்லி, வரமிளகாய், தண்ணீர் கொதித்ததும் நாட்டுச்சர்க்கரை. ஒரு கரண்டி ருசி பார்த்து, இன்னும் இரண்டு கைப்பிடி நாட்டுச்சர்க்கரை. வாசனை அடுப்படியை விட்டு வாசலுக்குப் போனது, வாசலை விட்டு வாய்க்காலுக்குப் போனது, கேலி செய்ய வந்த குப்பண்ணன் வேலியோரம் அப்படியே நின்றுவிட்டார்.

அம்புலியண்ணன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தாடியின் உப்பு கரைந்து சட்டையில் சொட்டியது.

"இந்த வாசனை," என்றார். "அந்தக் கப்பல் எரிஞ்சப்ப வந்துச்சுங்க. கடலே மணத்துச்சு. புழுக்கை எரிஞ்சா இப்படியா மணக்கும்னு என்ற ஆளுங்க கேட்டாங்க. நானு வாயை மூடுங்கடான்னு சொன்னேன்." பிறகு ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. "இது நான் குடுத்தது இல்லீங்களே, அம்மிணி?"

"இல்லீங்க அண்ணா. என்ற மரத்துது."

"அப்ப நான் குடுத்தது?"

ஊர் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. குப்பண்ணன் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். வாளெல்லாம் அவர்கள் இடுப்பிலேயே இருந்தது. கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, தட்டைத் திறந்தாள்.

"புழுக்கைங்க," என்றாள். "செம்மறி. ஆனா அண்ணா, இந்த மாதிரிப் புழுக்கை எங்க ஊர் கண்டதில்லீங்க. உங்க கப்பல்ல இருக்கறது எத்தனை தோப்பைக் காப்பாத்தும்னு தெரியுங்களா? அடைச்சு வெச்சதுதான் தப்பு. அது மண்ணுக்குள்ள போகோணும்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். ஒரு முறை புழுக்கை என்று கஜானாவை எரித்து, மறுமுறை கஜானா என்று புழுக்கையைச் சுமந்து, அதற்கு ராத்திரி பகலாகக் காவலும் போட்ட ஒரு மனிதர் அந்த இடத்தில் என்ன செய்வார்? நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்தார். முதலில் வயிறு மட்டும் ஆடியது, அப்புறம் தோள், அப்புறம் அவருடைய ஆட்கள், அதற்குமேல் ஊராலும் அடக்க முடியவில்லை. அதுவரை அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்ததில் திருமூர்த்தி வாய்க்காலில் விழுந்துவிட்டார், விழுந்தவருக்கு நீந்தத் தெரியவில்லை, கடலோடிகள் குதித்துத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் நாகரிகமாக அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து ஊர் முழுக்கக் கூடை தூக்கியது. மஞ்சள் துணியில் மீதியிருந்த விதையைப் பாவாத்தாள் அம்புலியண்ணனுக்குக் கட்டிக் கொடுத்தாள், கப்பலில் இருந்த அத்தனையையும் அவர் ஊருக்குக் கொடுத்தார், கொடுத்ததும் வாங்கியதும் எது என்று இரண்டு பக்கமும் தெரிந்து நடந்த வியாபாரம். குப்பண்ணன் கப்பலுக்குள் நின்று, ஒரு பிடியும் சிந்தாமல், குழந்தையைத் தருவதுபோலக் கூடைகளைக் கை மாற்றினார். பாரம் இறங்க இறங்கக் கப்பல் எழும்பியது, கப்பல் எழும்ப எழும்ப அடியில் தண்ணீர் வழி கண்டுபிடித்தது, வெயில் சாய்வதற்கு முன் அது கடைமடை தாண்டிப் பாவாத்தாளின் தோப்புக்குள் சலசலவென்று நுழைந்தது. அவள் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாக ஓடினாள், சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு. திருமூர்த்தி மடையை அடைக்கப் போனவர், வழியில் கொஞ்சம் தாமதித்தார். மணி எத்தனை என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று சொன்னார்.

கிளம்புகிற நேரம் வந்தபோது ஊர் பாவாத்தாளை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லிவைத்தது. அம்புலியண்ணன் என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக் கூடாது. குப்பண்ணனே ஒரு பெரிய வெற்றிலையை மடித்து அவள் வாயில் வைத்தார். தை மாதத்துக் கீழ்க்காற்று வந்து பாயை நிரப்பியது, மேற்கே மலைக்கணவாய்ப் பக்கமாக, வந்த வழியே, தண்ணீரை எதிர்த்துக் கப்பல் நகர ஆரம்பித்தது. அம்புலியண்ணன் தொப்பியை எடுத்துவிட்டு, கரையில் நின்றவளைப் பார்த்துக் கைகூப்பி, "அப்ப நாங்க போறமுங்க," என்றார்.

போறோம். அப்படிச் சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தில் யாரும் எந்த வாசலையும் விட்டுப் போனதில்லை. பகைவன்கூட அப்படிச் சொல்லமாட்டான். பாவாத்தாள் பொறுத்துப் பார்த்தாள். குப்பண்ணன் அவள் தோளை அழுத்திப் பிடித்தார். அவள் வெற்றிலையை முழுதாக விழுங்கிவிட்டாள்.

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க அண்ணா," என்று கத்தினாள். "போயிட்டு வர்றம்னு சொல்லோணும்."

"போயிட்டு வர்றமுங்க," என்றார் அவர், நல்ல பிள்ளையாக.

"வாங்க," என்றாள் பாவாத்தாள்.

கப்பல் வளைவு திரும்பி மறைந்தது. ஊர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

"என்னுங்க பண்றது," என்றாள். "போறேன்னா, அப்படியே உட்டர முடியுமா?"

அவள் தோப்பை விற்கவில்லை. மகன் வந்து காய்களைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் குடித்துவிட்டு, விற்கிற பேச்சை எடுக்காமல் திருப்பூருக்குப் போயிட்டு வர்றேன் என்று போனான். இப்போது ஆவணி, நாளை மறுநாள் மறுபடியும் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. திருமூர்த்தி வளைவை அகலப்படுத்தச் சொல்லி மேலே எழுதியிருக்கிறார், பதில் வரவில்லை. பாவாத்தாள் சந்தையில் ஒரு டஜன் டம்ளர் வாங்கி வந்து கழுவிக் கவிழ்த்திருக்கிறாள், யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. குப்பண்ணன் தன் தோப்பிலும் கொக்கோ வைத்துவிட்டு, கரையோரமாக ஒரு பெரிய எருக்குழி வெட்டிக் காத்திருக்கிறார்.

"ஒறம்பரை வெறுங்கையோட வரமாட்டாங்க," என்கிறார்.